மல்லாட்டை முடிச்சு

மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. முன்பக்கம் பிடித்திருந்த வேன் டிரைவர் இரண்டு படி இறங்கிப் பார்த்தார், ஏறிப் பார்த்தார். அலுமினியக் குழாய் சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"சேர்ல ஒக்கார வெச்சு எறக்கிடலாம் சார். சிதம்பரத்துல மாடி வீடெல்லாம் இப்டித்தான் கட்டி வெச்சிருக்காங்க."

"சேர்லயா?" தலைப்பக்கம் பிடித்திருந்த அரசுவின் குரல் உடைந்தது. "எங்கப்பாவ சேர்ல வெச்சுக் கட்டியா எறக்குவீங்க?"

படி உச்சியில் நின்றிருந்த அவன் தங்கை சத்யப்பிரியா உள்ளே போனாள். அப்பாவின் கட்டிலில் விரித்திருந்த கெட்டி ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, மறுபடி மேல கொண்டாங்க. இதுல படுக்க வெச்சு நாலு மூலையும் சுருட்டிப் புடிச்சிக்கலாம். திருப்பத்துல துணி வளைஞ்சு குடுக்கும். தலைக்கு மட்டும் ஒரு கை ஜாஸ்தி இருக்கட்டும்."

அப்படித்தான் இறக்கினார்கள். அப்பா தங்கராசு எங்கும் இடிபடாமல் வந்து சேர்ந்தார். டிரைவருக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது.

"எங்க கத்துக்கிட்டம்மா இத?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அரசு முந்திக்கொண்டான். "கொரங்கத் தூக்கிக் கத்துக்கிச்சு."

கீழ்வீட்டு அம்மாள் மாலையோடு வந்ததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். நேற்று இரவு அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தகவல் கேட்டு பஸ் ஏறிய சத்யப்பிரியா, சிதம்பரத்தில் வந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. இனிக் கடலூர் முதுநகரை ஒட்டிய அவர்களுடைய மீனவக் குப்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காரியமெல்லாம் அங்கேதான்.

வேனில் அரசு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்னால், அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கவாட்டில் இருந்த பலகையில் சத்யப்பிரியாவும் அண்ணி மோனிகாவும் உட்கார்ந்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருந்த கண்ணாடிச் சன்னல் பாதி திறந்திருந்தது.

சத்யப்பிரியா மைசூர்ப் பக்கம் ஒரு மிருகக்காட்சி சாலையில் வேலை பார்க்கிறாள். ஒராங்குட்டான்களும் சிம்பன்சிகளும் இருக்கும் பகுதி அவளுடையது. காட்டில் அவை பகலெல்லாம் சாப்பாடு தேடி அலையும். கூண்டிலோ நேரத்துக்குச் சாப்பாடு வந்துவிடும். மிச்சப் பகலை என்ன செய்வது? சும்மா இருந்து இருந்து சில தங்கள் மயிரையே பிடுங்கிக்கொள்ளும். அதனால் அவற்றின் கைக்கும் புத்திக்கும் தினம் ஒரு வேலை யோசித்துத் தயார் செய்ய வேண்டும். துளை போட்ட கட்டைக்குள் தேன் ஊற்றி வைத்தால், குச்சியை ஒடித்துச் சீவி உள்ளே விட்டு நக்கும். பழத்தை ஐஸ் கட்டிக்குள் உறைய வைக்கலாம். இன்றைக்கு ரசித்தது நாளைக்கு அலுத்துவிடும் என்பதால் யோசனை ஓயாது. ஆபீசில் இதற்கு என்ரிச்மென்ட் என்று பெயர். குப்பத்தில், "தங்கராசு பொண்ணு கொரங்குக்கு டீச்சரு" என்பார்கள்.

அப்பாதான் முதலில் அப்படிச் சொன்னது. "கடல்ல வெந்து ஒன்ன எம்.எஸ்ஸி படிக்க வெச்சேன். நீ கொரங்குக்குக் கிலுகிலுப்ப ஆட்டற." திட்டிவிட்டு, டீக்கடையில் போய் அதையே பெருமையாகச் சொல்வார்.

பிறகு ஒருநாள் படகிலேயே அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு போயிற்று. அம்மா ஏற்கனவே இல்லை. சிதம்பரத்தில் வேலை பார்க்கும் அரசு, அப்பாவைத் தன் வாடகை வீட்டு மாடிக்குக் கூட்டி வந்தான். குளிப்பாட்டினான், சவரம் செய்தான், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அந்த அறையின் சன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரிந்தது. பொங்கலுக்கு வந்த சத்யப்பிரியா பார்த்தபோது, அப்பா இடது கை விரலால் சுவரில் ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் குழி விழுந்திருந்தது.

அப்படி விழும் குழிகள் அவளுக்குப் பழக்கமானவை. அன்று மதியமே நாலு கட்டையை அடித்துச் சட்டம் கட்டினாள். அதில் பழைய வலைத்துண்டு ஒன்றை இழுத்து மாட்டினாள். வேர்க்கடலைக்குக் கடலூர்ப் பக்கம் மல்லாட்டை என்று பெயர். வறுத்த மல்லாட்டையைத் தோலோடு வலைக்குள் பொதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். செல்லி என்கிற ஒராங்குட்டானுக்காக அவள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஒற்றைக் கையால் அவிழ்க்கிற மாதிரி இளக்கமாகக் கட்டி அப்பாவின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் செல்போனில் வீடியோ எடுத்தாள்.

அப்பா முடிச்சில் விரலை வைத்தார். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தார். வாயோரம் எச்சில் இறங்கியது. நிமிர்ந்து போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அரசு உள்ளே வந்தான்.

"அப்பாவ என்ன நான் கூண்டுலயா வெச்சிருக்கேன்? கொரங்குக்குச் செய்யறத இங்க கொண்டாந்து செய்யற?"

கட்டை மொட்டை மாடிக்குப் பறந்தது. அவள் அன்று சாயங்காலமே பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு எப்போது வீடியோ காலில் கூப்பிட்டாலும் அப்பாவின் பிடரிதான் தெரிந்தது.

வேன் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. பெட்டி லேசாகக் குலுங்க, இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் கை நீட்டிப் பிடித்தார்கள்.

"அண்ணி."

"ம்."

"அப்பா எம்மேல கோவமாவே போயிட்டாரா?"

மோனிகா மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், காதலித்துக் கடலோரத்துக்கு வந்தவள். முன் சீட்டை ஒரு முறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்கண்ணன் அந்தக் கட்டயத் தூக்கி விசிறுனாரு இல்ல? மல்லாட்டைக்கு எலி வந்துடும்னு மறுநாளு நாந்தான் எடுத்தாந்தேன். குப்பைல போடத்தான் எடுத்தாந்தேன். மாமா பாத்துட்டு எடது கைய நீட்டனாரு. குடுத்தேன். நிக்கறேன், நிக்கறேன், கையே வெக்கல. என்னயே மொறச்சுப் பாக்கறாரு. அதுக்குள்ள கீழ தண்ணி வந்துடுச்சு, கொடத்தத் தூக்கிக்கினு ஓடிட்டேன். வந்து பாத்தா கட்டில் பூரா மல்லாட்டத் தோலு."

சத்யப்பிரியா பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. வைத்துவிட்டு விலகிவிடு, தோற்கிறதை நீ பார்க்கிறாய் என்று தெரிந்தால் அது தொடாது. செல்லி விஷயத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

"அப்பறம் டெய்லி அதான் வேல. இவரு பைக் எடுத்ததும் நான் கட்டி வெச்சுட்டுக் கீழ போயிடுவேன். எனக்கு மாடு கட்டற முடிச்சுதான தெரியும்? அதப் பாத்து மாமா மூஞ்ச சுளிக்கணுமே. ஒரு நிமிசத்துல அவுத்து வீசிட்டு, இதெல்லாம் ஒரு முடிச்சான்னு ஒரு பார்வ பாப்பாரு." மோனிகா சிரிக்க ஆரம்பித்து, பெட்டியைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லு."

"நீங்கதான் அண்ணி சொல்றீங்க."

"ஆமாம் இல்ல. ஒருநாளு அவரே கட்டனாரு சத்யா. ஒரு முனையப் பல்லால கடிச்சிக்கினு, ஒத்தக் கையால. கட்டி எங்கிட்ட நீட்டறாரு, நீ அவுருன்னு கண்ணக் காட்டறாரு. நகம் பிஞ்சிடுச்சு, எனக்கு வர்ல. அன்னிக்கு சோறு ஆக்கவே நேரமாயிடுச்சு. மாமா சிரிக்கறாரு! வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு, கண்ல தண்ணி வர. கீழ்வீட்டம்மா, யாருடி அது விருந்தாளின்னு கேக்கறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லட்டுமான்னு கேட்டா வேணாம்னு கைய ஆட்டுவாரு. போன்ல காட்டலாம் மாமான்னா முகத்தத் திருப்பிக்குவாரு. வாசப்படியக் காட்டுவாரு, நீ நேர்ல வரட்டும்னு." மோனிகா பெட்டியின்மேல் சரிந்திருந்த மாலையை நேராக இழுத்துவிட்டாள். "நீ சித்திரைக்கு வரேன்ன. ரொம்ப நேரம் ஒக்காந்து ஒண்ணு கட்டுனாரு. நான் கை வெக்கப் போனா தட்டி விட்டுட்டாரு. ஒனக்குன்னு புரிஞ்சிக்கிட்டேன். தலகாணிக்கு அடியில வெச்சிருந்தாரு."

சத்யப்பிரியா நிமிர்ந்தாள். "எங்க அது?"

"நீ வர்லியேம்மா. வைகாசியும் போச்சு. ஒருநாளு பாக்கறேன், அவரே ஒக்காந்து அவுத்துக்கினு இருந்தாரு."

வெளியே சவுக்குத் தோப்பு வந்தது, போனது. சித்திரைக்கு லீவு கூட வாங்கியிருந்தாள். பஸ்ஸுக்குப் பை எடுத்து வைத்த பிறகு அந்தப் பிடரி ஞாபகம் வந்து பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ."

அரசுதான். சன்னல் பக்கம் திரும்பாமலேயே சொன்னான்.

மோனிகா திடுக்கிட்டுச் சமாளித்தாள். "சொன்னா? வெறகா ஒடச்சிருப்பீங்க. ஒங்க பைக் சத்தம் கேட்டாலே மாமா அத ஒளிச்சு வெச்சிடுவாரு."

செம்மங்குப்பம் கம்பெனிகளின் உயரமான குழாய்கள் வலப்புறம் வரிசையாக வந்தன. டிரைவர் எதற்கோ ஹாரன் அடித்தார்.

"சிரிச்சாரா?" என்றான் அரசு.

"ம்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

அரசு கண்ணாடிச் சன்னலை இழுத்து மூடினான்.

குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. சாவு விழுந்தால் அன்று படகு இறங்காது. கரை நெடுக ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்க, ஆண்கள் தெருமுனையில் கூடியிருந்தார்கள். அம்மாவின் தம்பி காசிநாதன் மாமா, அப்பாவோடு ஒரே படகில் போனவர், வேன் கதவைத் திறந்ததும் பெட்டியைத் தட்டினார்.

"வந்துட்டியா மச்சான்? மாடி வீட்டுக் காத்து போதும்னு ஆயிடுச்சா? ஒனக்காவ இன்னிக்கு எவனும் தொழிலுக்குப் போகல, நல்ல மீனு ஓடற நாளாப் பாத்து வந்துக்கீற பாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் பெட்டிமேல் கவிழ்ந்துகொண்டார். அவரை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். சௌந்தரம் அத்தை சத்யப்பிரியாவைக் கட்டிக்கொண்டு, "ஒங்கப்பன் ஒன்னப் பத்திப் பேசாத நாளுண்டாடி" என்று அழுதாள். சத்யப்பிரியாவுக்கு அழுகை வரவில்லை. எண்ணெயும் சீயக்காயும் வைக்கக் கூப்பிட்டபோது போய், யாரோ தலையைத் தூக்கிப் பிடித்திருக்க, புறங்கையால் அப்பாவின் உச்சியில் தொட்டு வைத்தாள். பின்கழுத்தில் வேர்க்குரு அடையாளங்கள்கூட அப்படியே இருந்தன. வீடியோ காலில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தப் பிடரி மனப்பாடமாகியிருந்தது. முகம்தான் புதிதாகத் தெரிந்தது. மெலிந்து, ஒரு பக்கமாக இறங்கி, யாரோ ஒருவர் மாதிரி. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நவுரும்மா, பொழுது ஆவுது."

நகர்ந்தாள்.

தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். மேளச் சத்தம் மணல்மேட்டைத் தாண்டி மறைந்த பிறகு திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து பெரிய தூக்கில் டீ வந்தது. ஆண்கள் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வந்தார்கள். காசிநாதன் மாமா யாரிடமோ மறுநாள் பால் தெளிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அரசுவைக் காணவில்லை.

மோனிகா ஒரு டம்ளரில் டீ ஊற்றி நீட்டினாள். "ஒங்கண்ணன் காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. நான் குடுத்தா வாங்க மாட்டாரு. நீ குடு."

சத்யப்பிரியா டம்ளரோடு பின்பக்கம் போனாள். வேலியை ஒட்டி அப்பாவின் பழைய கட்டுமரம் மணலில் பாதி புதைந்து கிடந்தது. அதில் அரசு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலைமேல் ஈரத்துண்டு. அவளுக்கு முதுகுதான் தெரிந்தது. அலைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த முதுகு குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது.

"அண்ணே" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தாள். அவன் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கட்டுமரத்தின் ஓரத்தில் டம்ளரை வைத்தாள். காற்றில் மணல் விழாமல் ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து மூடினாள். வந்த வழியே திரும்பிப் பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"குடிச்சாரா?" என்று கேட்டாள் மோனிகா.

"தெரியல அண்ணி."

"என்னா தெரியல? நின்னு குடிக்க வெச்சிட்டு வர வேணாமா? சரி, நானே போய்ப் பாக்கறேன்."

சத்யப்பிரியா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். வழிவிடவில்லை.