இரண்டு முழ ரப்பர்

1

இந்தக் கதை என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு பொருளிலிருந்து தொடங்கியது. அது என்ன பொருள் என்று இப்போதே சொல்ல மனம் வரவில்லை. நாலாம் பகுதிவரை பொறுங்கள். மற்றதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நிரோஷினி என்ற பெண் செத்துப்போகிறாள். அவளுடைய மோட்டார் சைக்கிளின் சைட் ஸ்டாண்ட் ஓட்டத்தில் கீழே விழுந்து, இடப்பக்க வளைவில் தார் வீதியில் குத்தி, ஆளைத் தூக்கி எறிந்தது. அந்த ஸ்டாண்டைக் கடைசியாகக் கட்டிவிட்டவர் மெக்கானிக் மஹ்ரூப் நானா. தன் முடிச்சு அவிழ்ந்துதான் அவள் செத்தாள் என்று அவர் நம்புகிறார். அது உண்மையா என்பதுதான் கதை. வாசகரை இழுத்தடிக்கும் சோலி எனக்கு வேண்டாம்.

(ஒரு பொருளை இழுப்பறையில் ஒளித்துவைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "துறைமுகத்துக்கு மேலே சூரியன்" — அடித்துவிட்டேன். சூரியனுக்கும் சைட் ஸ்டாண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் தொடக்கம்: கப்பல்துறையில், கண்டி வீதியோரம் இருக்கும் மஹ்ரூப் நானாவின் கராஜுக்கு அன்று காலை எட்டரைக்கு முன்பள்ளி ஆசிரியை நிரோஷினி வந்தாள். இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

நானா ஸ்டாண்டைக் காலால் தட்டிப் பார்த்தார். அது தொளதொளவென்று ஆடியது. போல்ட் போகும் துளை தேய்ந்து நீண்டிருந்தது. ஸ்பிரிங் உப்புக்காற்றில் துருவேறி, இழுவை விட்டிருந்தது.

"எத்தினை நாளா இப்பிடிக் கிடக்கு?"

"ரெண்டு கிழமை இருக்கும் நானா. வீட்டுக்காரர் கட்டாரில வேலை. எனக்கு இதுகள் விளங்காது."

"ஓடேக்க ஸ்டாண்ட் விழுந்தா ஆள் தப்பாது தங்கச்சி. துளையை வெல்டிங்கால அடைச்சுப் புதுசாத் துளைக்கோணும். பின்னேரம் வரைக்கும் கரண்ட் இல்லை. பைக்கை விட்டுட்டுப் போங்க."

"ஏலாது நானா. சாம்பல்தீவில கனகரத்தினம் மாஸ்டர் செத்துட்டார். எனக்குப் படிப்பிச்சவர். பன்னிரண்டு மணிக்கு எடுக்கினம்."

நானா யோசித்தார். பழைய டியூபிலிருந்து இரண்டு முழம் ரப்பர் வெட்டினார். ஸ்டாண்டை மேலே தூக்கி, கால்மிதியோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இதை அவுக்கப்படாது. எங்க போனாலும் சுவரில, மரத்தில சாத்தி வையுங்க. நாளைக்குக் காலம்பொற கொண்டு வாங்க."

"ஓம் நானா."

[ஓர் அடிக்குறிப்பு: சாவியைப் பிடுங்கி வைத்திருக்கலாம் என்று நானா இப்போது சொல்கிறார். கேட்காமலே சொல்கிறார்.]

3

இந்த இடத்தில் மஹ்ரூப் நானாமேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஆளை மிதமிஞ்சி நல்லவராக எழுதுகிறேனோ? அதனால் இதையும் எழுதிவைக்கிறேன்: அவர் கோபக்காரர். சொன்ன நேரத்தில் ஒரு வேலையும் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. வேலை செய்யும்போது யாராவது கதை கொடுத்தால் எரிந்துவிழுவார். ஆனால் இதையெல்லாம் எழுதியபிறகும் அவர் அந்த வீதியில் குனிந்து நடந்ததை என்னால் குறைத்து எழுத முடியவில்லை.

இரண்டு நாள் நடந்தார். சாம்பல்தீவுப் பாலத்துக்கு இப்பால் அவள் விழுந்த வளைவிலிருந்து செத்த வீட்டு ஒழுங்கைவரை, புல்லை விலக்கி, வீதியோர வடிகால் கானுக்குள் கை விட்டு அந்த ரப்பரைத் தேடினார். அறுந்த ரப்பர் கிடைத்தால் பிழை ரப்பரில். முழுசாகக் கிடைத்தால் பிழை தன் முடிச்சில். எது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சுஹைரா ஆட்டோ பிடித்து வந்து கூப்பிட்டாள்.

"அது கிடைச்சா மட்டும் அந்தப் புள்ள எழும்பி வருமா? வீட்ட வாங்க."

"நான்தான் அவளைச் சாகடிச்சனானா இல்லையா எண்டு தெரியோணும்" என்றார் அவர்.

முப்பத்தோராம் நாள் நிரோஷினியின் வீட்டுக்குப் போய், தாயிடம், "அம்மா, என்ர முடிச்சு அவுண்டு போச்சு" என்றார். அந்த மனிசி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். அதை எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். இந்த நோன்புப் பெருநாளோடு கராஜை மூடப்போகிறார்.

4

இனி, முடிச்சை யார் அவிழ்ப்பது?

(அ) செத்த வீட்டு வாசலில் நின்ற ஒரு பொலிஸ்காரர். வேண்டாம். பழியைச் சீருடைமேல் போடுவது எழுதுகிறவர்களுக்குச் சுகமான வேலை.

(ஆ) நிரோஷினியே மறந்துபோய் அவிழ்த்தாள். இதை மூன்று நாள் வைத்திருந்தேன். செத்தவள் வந்து மறுக்கமாட்டாள் என்பதால் வசதியாகத்தான் இருந்தது. பிறகு என்மேல் எனக்கே அருவருப்பு வந்து கிழித்தேன்.

(இ) கண்ணாடி போட்ட ஒருவன், நாற்பது வயதிருக்கும், பைக்கை நகர்த்துவதற்காக

நான்.

எங்கள் பக்கம் செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலைப் பூட்டுவதில்லை. பாடை வெளியே வரும்போது யாராவது தள்ளிவைக்க வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கைக்கு அகப்பட்டதைத் தள்ளுவதுதான். அன்று பறைச் சத்தத்துக்கு நடுவே, "மதிலோட நிக்கிற பைக்குகளை எடுங்கோ" என்று யாரோ கத்த, நான் மதிலில் சாத்தியிருந்த ஒன்றை உருட்டி எதிர்ப்பக்க வெளிக்குக் கொண்டுபோனேன். அங்கே சாத்த ஒன்றுமில்லை. ஸ்டாண்டில் ரப்பர் கட்டியிருந்தது. முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஸ்டாண்டைப் போட்டு நிறுத்தினேன். சொந்தக்காரர் வந்தால் சொல்லலாம் என்று ரப்பரைச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

பிறகு பாடையோடு சுடலைக்குப் போனேன். பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. பாடை வாசல் படலையைத் தாண்டியதும் நிரோஷினி வெளிக்கிட்டிருக்கிறாள். ஸ்டாண்டில் நின்ற பைக்கை எல்லா நாளும் போலக் காலால் தட்டி எடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் பைக் இல்லை. பையில் ரப்பர் இருந்தது.

(அவள் கவனித்திருக்கலாமே என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒப்பாரி கேட்டு அழுத கண்ணோடு வந்தவள் என்னத்தைக் கவனிப்பாள்? அடித்துவிட்டேன்.)

5

போன கிழமை என்னுடைய ஸ்டாண்டும் தளர்ந்தது. நம்பமாட்டீர்கள், கதைக்காகச் சோடித்தது என்பீர்கள். வேறு கராஜுக்குப் போயிருக்கலாம். ரப்பரைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மஹ்ரூப் நானாவிடம்தான் போனேன்.

"கரண்ட் வருமட்டும் இரிங்க தம்பி. நான் கட்டித் தரமாட்டன்" என்றார்.

இரண்டு மணித்தியாலம் இருந்தேன். கரண்ட் வந்ததும் போல்டைக் கழற்றினார். தேய்ந்த துளையை வெல்டிங்கால் அடைத்தார், ஆறவிட்டு அரத்தால் மட்டமாக்கினார், புதிதாகத் துளைத்தார். புதுப் போல்ட், வாசர், இரட்டை நட். பழைய ஸ்பிரிங்கை எறிந்துவிட்டுப் புதியதைக் கொக்கியால் இழுத்து மாட்டினார். பிறகு ஸ்டாண்டைக் காலால் இறக்கி ஏற்றினார். நான் முப்பது வரை எண்ணினேன். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

"நானா, காணும், போதும்."

அவர் குந்தியிருந்தபடியே நிமிர்ந்தார். "தம்பி எழுதுற ஆள்தானே. நாலு பேரோட கதைக்கிற ஆள். ஒண்டு சொல்லுங்க. இறுக்கிப் போட்ட முடிச்சு தானா அவுளுமா?"

என் கை காற்சட்டைப் பைக்குள்தான் இருந்தது. ரப்பர் விரலில் பட்டது.

"தெரியாது நானா" என்றேன்.

6

முடிவுகள். ஒன்று: அந்த இடத்திலேயே ரப்பரை எடுத்து அவர் கையில் வைக்கிறேன். இதை எழுதினேன், நன்றாகவே வந்தது, அவர் அழுதார், நானும் அழுதேன். நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டால் பிறகு நான் போகமாட்டேன் என்று தெரிந்ததால் கிழித்தேன். இரண்டு: தபாலில், அனுப்புநர் பெயரில்லாமல். மூன்று: பெருநாள் வருகிறது, கராஜ் மூடுகிறது, இழுப்பறையும்

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு முன் கண்டி வீதியால் போகிறவர்கள் கப்பல்துறையில் கொஞ்சம் நில்லுங்கள். அவரிடம் சொல்லுங்கள்: ரப்பர் இருக்கிறது, அறுந்துபோகவில்லை, முடிச்சும் தானாக அவிழவில்லை, பல்லுப் பட்ட அடையாளம் இருக்கிறது.

யார் அவிழ்த்தது என்று அவர் கேட்பார். இந்தக் கதையில் எங்கேயும் என் பெயரை நான் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.