இடைவிடாத இருநூற்றைம்பது வாட்ஸ்

சுகந்தியின் இதயம் சித்திரை மாதத்திலிருந்து எதிர்வீட்டுத் தாமோதரனின் காரில் அதிரும் பாட்டுத் தாளத்துக்குத்தான் துடித்துவந்தது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "எதிர்வீட்ல புதுசா சப்வூஃபர் வச்சிருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றதும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவள் கணவன் ஈஸ்வரமூர்த்திக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். எதையும் அளந்து பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மனைவியின் நாடியை எண்ணினான். தாமோதரன் குத்துப்பாட்டு போட்டால் நூற்றுப்பத்து. மெலடி போட்டால் எழுபது. தாமோதரன் தூங்கும்போதுகூடக் காரில் சன்னமாக எதுவோ ஓடிக்கொண்டிருக்கும், அப்போது அறுபத்திரண்டு. கார் திருப்பூருக்குப் போய்விட்டாலும் கணக்கு மாறவில்லை.

சுகந்தி தாமோதரனிடம் 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால்கூடச் சண்டை போட ஒரு சாக்கு கிடைத்திருக்கும். பதினோரு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் அவள் நெஞ்சு ஒரு நாள்கூடத் தனக்காகத் தாளம் மாறியதில்லை என்று நினைக்க நினைக்க ஈஸ்வரமூர்த்திக்கு வயிறு எரிந்தது.

தன் காரிலும் அதே மாதிரி அதிரும் பேஸ் வைத்துவிடுவது என்று முடிவு செய்தான். அவனுடையது சின்ன கார். கார் கம்பெனியிலேயே மாட்டி வந்த இரண்டு கதவு ஸ்பீக்கர்கள். சத்தத்தைப் பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் கதவு இருமும். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திட்டம் போட்டான். சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர், வயர் என்று தாள் முழுக்க எழுதி, எழுதியதை அடித்து, மறுபடி எழுதினான்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் சுகந்தி.

"உனக்குத்தான்."

"எனக்கு நல்லாத்தானுங்க துடிக்குது," என்று வெண்டைக்காயை அந்தத் தாளத்துக்கே நறுக்கினாள்.

சனிக்கிழமை காலை அதிர்வு கார் டெக்கர்ஸுக்குப் போனான். கடை வெளியிலிருந்து பார்க்கப் பன்னிரண்டடி அகலம். உள்ளே நுழைந்து கல்லாவுக்கு நடந்து சேர்வதற்குள் சாப்பிட்ட நாலு இட்லியும் செரித்துவிட்டது. கடைக்காரர் லூர்துராஜ் காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்ணோணுங்க?"

"பேஸ் வைக்கோணும். நெஞ்சுல அடிக்கற மாதிரி."

"யாரு நெஞ்சுலங்க?"

"என் சம்சாரத்து நெஞ்சுல."

லூர்துராஜ் தலையாட்டிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். வண்டி எண், பாட்டு வகை, யாரைப் பார்த்து என்று மூன்று கேள்விகள். மூன்றாவதில் ஈஸ்வரமூர்த்தி 'தாமோதரன்' என்று எழுதினான்.

"வீட்டு நம்பரும் போட்டுருங்க. போன மாசம் ஒருத்தர் வெறும் பேரை மட்டும் போட்டாரு. பல்லடத்துல ஒரு வாத்தியார் வீடு ரெண்டு நாளா அதிருது."

பிறகு காரைப் பார்க்க வந்தார். கதவைத் தட்டினார். "மொதத் தடவ வர்றவங்க எல்லாரும் பெரிய டப்பாவத்தான் கேப்பாங்க. கதவுக்குள்ள அதிர்வ அடக்கற டேம்பிங் ஷீட் ஒட்டாம பேஸ் வச்சா தகரந்தான் பாடும்." ஈஸ்வரமூர்த்தியின் முதுகையும் தட்டினார். "உங்களுக்கும் ஒட்டோணும். ரொம்ப அதிருது."

"சரிங்க."

"ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் எங்கிருந்து எடுப்பீங்க?"

"பேட்டரில இருந்து."

லூர்துராஜ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேட்டரி, லைட்டுக்கும் ஹாரனுக்குமுங்க. பேஸ் பொறாமைலதான் ஓடும். உங்களுக்கு எவ்வளவு இருக்குது?"

"நிறைய இருக்குது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. டப்பா மேல ஆயிரம் வாட்ஸ்னு போட்டிருப்பான். அது ஒரு நொடி வந்துட்டுப் போறது. கல்யாண வீட்ல சகலையோட செயினப் பாத்தா வருமே, அந்த மாதிரி. அத வச்சு ஒரு பாட்டு ஓட்ட முடியாதுங்க. எனக்கு இடைவிடாம நிக்கற வாட்ஸ் வேணும்."

மீட்டரின் சிவப்பு முனையை ஈஸ்வரமூர்த்தியின் மேல்வயிற்றிலும் கறுப்பு முனையைக் கார் பம்பரிலும் வைத்து, தாமோதரனின் காரை நினைக்கச் சொன்னார். அவன் நினைத்தான். முள் எழுந்தது.

"சாப்பிடறப்ப கொறையுங்களா?"

"அப்பத்தான் அதிகமாகும்."

"சாமி கும்பிடறப்ப?"

"அந்தக் காரைத்தானே வேண்டறேன்."

"இருநூத்தம்பது. துளி ஆட்டமில்ல," என்றார் லூர்துராஜ். "இந்த அளவுக்கு நான் பாத்ததே இல்லீங்க." ஈஸ்வரமூர்த்திக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கம்பெனியில் அவனை யாரும் இப்படி அளந்து பாராட்டியதில்லை.

ஆனால் லூர்துராஜின் முகம் மாறியது. "இது சேரமாட்டேங்குதே. வெளிய போய்க்கிட்டே இருக்குது." அவனைத் திருப்பி நிறுத்திச் சட்டைக் காலரை இறக்கினார். பிடரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு வயர் கிளம்பி, முதுகு வழியாக இறங்கி, ரோட்டைத் தாண்டி, அவன் வந்த வழியிலேயே போயிருந்தது.

"இது நான் போட்ட வயருதான்," என்றார் லூர்துராஜ். "தாமோதரன் வண்டி பூஜைல மொத ஸ்விட்ச் போட்டது நீங்களா?"

அவன்தான். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் தாமோதரன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். 'ஈஸ்வரண்ணா, நீங்க கைராசிக்காரரு, நீங்களே போடுங்க' என்றான். ஈஸ்வரமூர்த்தி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்தும் சொன்னான்.

"திருஷ்டிப் பூசணிக்காய் உடைச்சாங்களா?"

"இல்ல."

"உடைக்க மாட்டாங்க. கண்ணு பட்டாத்தான் செட்டு ஓடும்."

ஈஸ்வரமூர்த்திக்குக் காது சூடேறியது. தன் பொறாமையைத் தன்னைவிட நன்றாக இன்னொருவன் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான் என்று புதிதாக ஒரு பொறாமை வந்தது. மீட்டர் முள் முந்நூறைத் தொட்டது.

"வெட்டிருங்க," என்றான்.

லூர்துராஜ் கட்டரை எடுத்து வயரின் மேல் வைத்தார். "வெட்டிட்டு உங்க வண்டிலயே மாட்டிர்றேன். ஆனா ஒண்ணுங்க. உங்க வண்டில நல்ல பேஸ் வந்ததுமே பொறாமை போயிரும். போச்சுன்னா செட்டு நின்னுரும். ரெண்டு வண்டிலயும்."

"நிக்கட்டும்."

"சம்சாரத்துக்கு எதுல துடிக்குது?"

ஈஸ்வரமூர்த்தி ரோட்டில் கிடந்த வயரைப் பார்த்தான். லூர்துராஜ் கட்டரை எடுக்காமல் காத்திருந்தார். ஒரு பஸ் வயரின் மேல் ஏறிப் போனது. அவன் பிடரி லேசாக வலித்தது.

"வேண்டாமுங்க," என்றான்.

லூர்துராஜ் கட்டரை வைத்துவிட்டு, வயர் தேய்ந்திருந்த இடத்தில் டேப் சுற்றினார். "அவரு எது வாங்கினாலும் ஒருதடவ போய்ப் பாத்துருங்க. யோகா கீகான்னு போயிராதீங்க. மனசு நெறஞ்சுருச்சுன்னா நம்ம கைல இல்ல."

வீட்டுக்குக் காரை ஓட்டி வரும்போது சிக்னலில் அவனுக்கு ஒரு எண்ணம் வந்தது. அப்படியானால் அந்த பேஸ் தன்னுடையதுதானே. இத்தனை மாதமும் சுகந்தியின் நெஞ்சில் அடித்தது தான்தானே. அதை நினைத்ததும் உடம்பெல்லாம் இதமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரன் மேல் ஒரு பிரியம்கூட வந்தது.

போன் அடித்தது.

"ஏனுங்க," என்றாள் சுகந்தி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு மாதிரி இருக்குது. கீழ உக்காந்துட்டேன்."

ஈஸ்வரமூர்த்தி காரை ஓரம் கட்டினான். கண்ணை இறுக மூடித் தாமோதரனின் தலைமுடியை நினைத்தான். நாற்பத்தெட்டு வயதில் ஒரு நரையில்லை. அவன் சிரிப்பை நினைத்தான். அவன் வீட்டு போர்வெல்லில் இருநூறு அடியிலேயே தண்ணீர் வந்ததை நினைத்தான். ஈஸ்வரமூர்த்தி வீட்டில் எண்ணூறு அடிக்கும் வெறும் புழுதிதான் வந்தது. நினைக்கும்போதே நெஞ்சு கரித்தது.

"இப்ப பரவால்லீங்க," என்றாள் சுகந்தி.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இன்னும் வெயில் தாழவில்லை. எதிரே தாமோதரன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். கார் தெருவையே குலுக்கியது. அவன் இவர்களைப் பார்த்துக் கை அசைத்தான்.

"கடைக்காரர் என்ன சொன்னாருங்க?"

"நம்ம வண்டிக்கு ஒத்துவராதுன்னு சொன்னாரு."

 உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் எதிர்வீட்டைப் பார்த்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். அவள் படியில் அவன் காலோடு சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அலாய் வீல் புதுசா மாத்திருக்காரு பாருங்க," என்றாள் மெதுவாக.

அவன் பார்த்தான். நாலும் வெயிலில் மின்னின. அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சு வரை எரிந்தது. அவள் கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"போதுமா?" என்றான்.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள்.