லாலாகூடா வீட்டுக்கு மோட்டார் பாலிசி

1938ஆம் வருஷம் ஆடிப்பெருக்கன்று காலை ஏழு மணிக்கு லாலாகூடாவில் பத்மநாபன் வீடு கிளம்பிப் போனது. கிளம்பியது என்றதும் ஓடியது, பறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நாளுக்கு ஒரு சாண், கிழக்குப் பார்த்து, நிதானமாக. மூன்று அறை, நாட்டு ஓடு, பின்கட்டில் அடுப்பங்கரை, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பு எல்லாம் சேர்ந்தே போனது. பருப்பு தளும்பவில்லை. அன்று செகந்திராபாத் கடைத்தெருவில் வெங்காயம் சேர் ஓரணா விற்றது.

வீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பத்மநாபனின் சம்சாரம் கனகம் தன் ஒட்டியாணத்தையும் நாலு வளையலையும் விற்றுக் கட்டிய வீடு. பத்திரமும் அவள் பேரில்தான். பத்மநாபன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன். எப்பேர்ப்பட்ட எஞ்சினையும் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிவிடுவார், ஆனால் சொன்ன சொல்லை மட்டும் மாற்றத் தெரியாது. சீமைக்குத் திரும்பிய ஒரு பட்டாளத்து கேப்டனிடமிருந்து அந்த வருஷம் பச்சை நிறக் கார் ஒன்றைச் சல்லிசாக வாங்கினார். அதை நிறுத்த நிழல் வேண்டுமென்று அடுப்பங்கரையின் ஒரு சுவரை இடித்துக் கொட்டகை போட்டார். கனகத்தின் அடுப்பு ஒழுகுகிற மூலைக்குப் போனது. காரில் என்னதான் இருக்கிறது பார்ப்போமென்று அவள் ஒரு நாள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபோது, "இறங்கு. இது உன் அடுப்பங்கரை இல்லை" என்று ஏழு பேர் பார்க்கச் சொன்னார். அவள் இறங்கிப் போய் ரசம் வைத்தாள். அந்த வாரம்தான் வீடு நகர்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது தெருவின் அபிப்பிராயம். இல்லை, பூமி சரியில்லை என்பது பத்மநாபனின் அபிப்பிராயம்.

வீடு போன அதே மாதம் கார் நின்றது. தினம் இரண்டு வாளி தண்ணீர், வெள்ளிதோறும் சாம்பிராணி என்று சீராட்டியதில், நாலு சக்கரத்திலிருந்தும் வெள்ளை வேர் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொண்டது. பங்குனியில் மட்கார்டில் மஞ்சள் பூவும் பூத்தது. யாராவது கேட்டால் பேட்டரி வீக் என்பார். ஒரு நாளா இரண்டு நாளா, ஏழு வருஷமும் பேட்டரி வீக்தான். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறவன் நானில்லை, தானாகப் போனது தானாக வரட்டும் என்று அறிவித்துவிட்டு, தலையணையோடு காரிலேயே குடியேறினார். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போவார், அங்கேயே திரும்பி வருவார். குளியல் தெருக்குழாயில்.

கனகம் அழுது கொண்டிருக்கிற ஜாதியில்லை. வீடு போகிற திசையில் மூன்று பர்லாங்கு தள்ளி ரயில் தண்டவாளம் இருப்பதை முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாணால் அளந்து கணக்குப் போட்டாள்: ஏழு வருஷம் சொச்சம். இருக்கிற ஒரே சொத்து இது, இதுவும் எஞ்சின் அடியில் போனால் நடுத்தெருதான். ஆகவே இன்சூரன்ஸ் போடுவதென்று முடிவு செய்தாள். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாதே. பம்பாய்க் கம்பெனி ஒன்று, மதராஸ் கம்பெனி ஒன்று, ஜேம்ஸ் தெருவில் மாடிப்படி ஏறிப் போகிற உள்ளூர்க் கம்பெனியான தக்காணப் பாறை இன்சூரன்ஸ் ஒன்று, இந்த மூன்றுக்கும் ஒரே கேள்வியைக் கார்டில் எழுதிப் போட்டாள்: வீடு போய்க் காரில் இடித்தால் யார் பொறுப்பு? பம்பாயிலிருந்து வர்ணப் படம் போட்ட புஸ்தகம் வந்தது. மதராஸிலிருந்து, கேள்வியில் எழுத்துப்பிழை இருக்கலாம், கார் போய் வீட்டில் இடித்தால் என்று திருத்தி அனுப்பவும் என்று கடிதம் வந்தது. தக்காணப் பாறையிலிருந்து ஆளே வந்துவிட்டார்.

ஆள் வந்ததாலேயே அவள் மயங்கிவிடவில்லை. பெண் கொடுக்கிற வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல ஊரெல்லாம் விசாரித்தாள். கம்பெனியில் பணம் வாங்கியவர்களைத் தேடிப் போய், கொடுத்தார்களா, கொடுக்கும்போது முகம் எப்படி இருந்தது, இரண்டாம் தடவை போனபோது உட்காரச் சொன்னார்களா என்று கேட்டாள். மரக்கடை தீப்பிடித்த சின்னசாமி சொன்னதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டாள். மானேஜர் அஸ்கர் அலி சாகிப் எதற்கும் மூன்று தடவை "கைக்கு?" என்று கேட்பாராம். ஏன், ஏன், ஏன். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் நாலாவதாக எழுந்து நின்று கொடுப்பாராம். ஏன் என்று கேட்காமல் கொடுக்கிறவன் கேட்காமலே ஓடியும் போவான் என்று கனகம் தீர்மானித்தாள். மோட்டார் பாலிசியில் பதினொன்றாம் ஷரத்தையும் அவள் ஒருத்திதான் படித்தாள்: வண்டி வழியில் அபாயமான இடத்தில் மாட்டிக்கொண்டால், கம்பெனி தன் செலவில் அதைப் பாலிசிதாரரின் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்ற இரண்டு கம்பெனியிலும் இந்த ஷரத்து கிடையாது.

கம்பெனியிலிருந்து வந்தவர் ஆரோக்கியசாமி. தமிழர், மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். பாரத்தில் பொய் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், இருமுறை அனுபவப்பட்டவர். வீட்டுக்கு வெள்ளைப் பாரம், மோட்டாருக்கு ரோஸ் பாரம். வெள்ளைப் பாரத்தின் முதல் கேள்வி: மேற்படி சொத்து நின்ற இடத்தில் நிலையாக உள்ளதா? ரோஸ் பாரத்தின் முதல் கேள்வி: மேற்படி சொத்து தானே நகருமா? ஆரோக்கியசாமி வீட்டைச் சுற்றி வந்தார், காரின் வேரை இழுத்துப் பார்த்தார், இரண்டு தம்ளர் மோர் குடித்தார், யோசித்தார். பிறகு வீட்டை ரோஸ் பாரத்திலும் காரை வெள்ளைப் பாரத்திலும் எழுதினார். பாலிசிதாரரின் வீடு என்ற இடத்தில், "பச்சை நிறம், நாலு கதவு, லாலாகூடா" என்று குறித்துக்கொண்டார். சாகிப் மூன்று தடவை கைக்கு கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மோட்டார் என்று ஆனபிறகு அதற்குரிய மரியாதைகளைச் செய்யாமல் முடியுமா? முன் சுவரில் நம்பர் பலகை அடித்தார்கள். ஜன்னலில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் பொருத்தினார்கள். ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டுமென்றார்கள். டிராபிக் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து கூடத்தில் பாய் போட்டுக் காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். வீடு அந்த நேரத்தில் நாலு விரற்கடை போனது, எவர் மேலும் மோதவில்லை, இன்ஸ்பெக்டருக்குக் குலுங்கவும் இல்லை. கனகம் பாஸ். சேதி கேட்ட பத்மநாபன் காரின் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்.

வருஷங்கள் போயின, வீடும் போனது. வழியில் நின்ற வேப்பமரம் ஒதுங்கவில்லை, வீடுதான் சுற்றிக்கொண்டு போனது. சில மாதத்துக்கு ஒரு தரம் பக்கத்து வீடு மாறியதில் கனகம் அறுபது வீட்டில் கறிவேப்பிலை கடன் வாங்கியிருக்கிறாள். தபால்காரர் மட்டும் முணுமுணுத்தார். சண்டை சண்டையாக இருந்தாலும் சோறு சோறல்லவா? காலையும் மாலையும் தூக்குச்சட்டியோடு காருக்குப் போய் வந்தாள். முதல் வாரம் அடுப்பங்கரை ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாலே போதும், ரசம் கொதிக்கக் கொதிக்கப் போனது. மூன்றாம் வருஷம் வெதுவெதுப்பு. ஆறாம் வருஷம் ஆறி, மேலே நெய் கட்டிப் போனது. ஆறின ரசத்தை மனுஷன் குடிப்பானா என்று பத்மநாபன் தினமும் கேட்டார். அவள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அது வலித்தது. வலித்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

1945 ஆடியில் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பன்னிரண்டு அடி பாக்கி இருந்தபோது ரயில்வேயிலிருந்து காகிதம் வந்தது. முதல் தேதிக்குள் வீடு விலக வேண்டும், விலகாவிட்டால் இடிக்கப்படும். நியாயம்தான், ரயிலை ஒதுங்கிப் போகச் சொல்ல முடியாது. கனகம் பாலிசியை மடியில் கட்டிக்கொண்டு ஜேம்ஸ் தெரு மாடி ஏறினாள். கைக்கு என்றார் சாகிப். வண்டி அபாயத்தில் என்றாள். கைக்கு என்றார், நிறுத்தத் தெரியவில்லை என்றாள். மூன்றாவது கைக்குவுக்குப் பதினொன்றாம் ஷரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். சாகிப் அதைப் படித்தார், பாரத்தைப் புரட்டினார், பாலிசிதாரரின் வீடு பச்சை நிறம், நாலு கதவு என்றிருப்பதைப் பார்த்தார். வீட்டைக் கார் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு கம்பெனியின் தலையில் விழுந்தது. கம்பெனி எழுதியதைக் கம்பெனி மறுப்பதில்லை என்று சொல்லி அவர் எழுந்து நின்றார்.

மறுநாள் இருபது ஜோடி மாடு வந்தது. வடக்கயிற்றை வீட்டைச் சுற்றிக் கட்டி இழுத்தார்கள். கல்லுப்பிள்ளையாராவது அசைந்திருப்பார், வீடு அசையவில்லை. மாடுகள் கொட்டாவி விட்டன. நாலு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் ஒரு ஓடு சரிந்து கம்பெனியின் கணக்கப்பிள்ளை காலடியில் விழுந்தது. இதற்கு மேல் இழுக்க வேண்டாமென்று வீடு சொல்வதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கெடுவுக்கு ஒரு நாள்தான் மிச்சம். கனகம் அன்று சமைக்கவில்லை. பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கலாமா என்று ஆரோக்கியசாமி கேட்டதற்கு, ஊர்ப் பாஷையில் வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

அஸ்கர் அலி சாகிப் யோசித்துப் பார்த்துவிட்டுத் தனியாகக் காருக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தார். கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்தது, இனி நீர் செய்ய வேண்டியது இருக்கிறது என்று தக்கானி உருதுவும் தமிழுமாகச் சொன்னார். பத்மநாபன் பழைய பல்லவியையே பாடினார்: போனது வீடு, ஓடிப் போய்க் கூப்பிடுகிறவன் நானில்லை. சாகிப் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஓட நக்கோ மியா," என்றார். "நடந்து வாரும்."

முன் தினத்துத் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பத்மநாபன் கிழக்கே நடந்தார். ஒர்க்‌ஷாப் மேற்கில் இருந்ததால் இந்தப் பக்கம் வரும்படியான வேலை அவருக்கு இருந்ததில்லை. முதல் பர்லாங்கில் முதுகு வேர்த்தது. வேப்பமரத்தடியில் மூச்சு வாங்க நின்றார். வழி நெடுக ஜனங்கள் சட்டியை அடையாளம் கண்டுகொண்டு, கனகம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது, அவரை ஒருவருக்கும் தெரியவில்லை. மேடு ஏறும்போதுதான் அவருக்குக் கணக்கு உறைத்தது: போக மூன்று பர்லாங்கு, வர மூன்று, காலையும் மாலையும், வெயிலோ மழையோ. ஆறின ரசம் என்று தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார்.

கனகம் ஹாரன் பக்கத்தில் ஜன்னலோரம் நின்றிருந்தாள். மாட்டுக்காரர்கள், சாகிப், ஆரோக்கியசாமி, ரயில்வே ஆட்கள், தெரு ஜனம் எல்லோரும் பார்க்க பத்மநாபன் அவளைத் தாண்டிக் கூடம் வழியாகப் பின்கட்டுக்குப் போனார். அடுப்பங்கரையில், ஒழுகுகிற மூலையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கனகம், வண்டிய நீயே எடு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

கனகம் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஹாரனை இரண்டு தடவை அமுக்கினாள். வீடு ஒரு பெருமூச்சு விட்டது, கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. ஏழு வருஷம் போன தூரத்தை ஒரு முற்பகலில் திரும்பி வந்தது. மாட்டு வண்டிகள் ஓரம் கட்டின, வேப்பமரம் இந்தத் தடவை கிளையைத் தூக்கி வழிவிட்டது. அறுபது வீட்டுக்காரிகளும் வாசலுக்கு வந்து கனகத்துக்குக் கை காட்டினார்கள். பழைய இடத்துக்கு வந்து, அடுப்பங்கரை ஜன்னலும் காரின் கதவும் எதிரெதிராக அமையும்படி பார்த்து நிறுத்தினாள். கொட்டகைக்காக இடித்த சுவரைப் பத்மநாபன் அந்த ஞாயிற்றுக்கிழமையே தன் கையால் எழுப்பினார். அன்று ரசம் நாக்கைச் சுட்டது. அவர் மூன்று தம்ளர் குடித்தார்.

காஜிப்பேட்டையிலிருந்து நாத்தனார் விஜயகுமாரி, அந்தக் கம்பெனி எப்படி, நம்பிப் போடலாமா என்று எழுதிக் கேட்டிருந்தாள். கனகம் கார்டில் பதில் போட்டாள்: மூணு தரம் ஏன்னு கேப்பாங்க, நாலாந்தரம் எந்திரிச்சு நிப்பாங்க. மாடு கொண்டாருவாங்க. அதுலயும் முடியலேன்னா செருப்பக் கழட்டிட்டுப் போய் வீட்டுக்காரர்கிட்டப் பேசுவாங்க. பாரத்துல மட்டும் பொய் எழுதாத.

1948 செப்டம்பரில் சமஸ்தானம் போய் சர்க்கார் மாறியது. அந்த வருஷக் கடைசியில் புது மோட்டார் இன்ஸ்பெக்டர் வரதராஜன் லாலாகூடாவில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டு வந்தார். பூத்துக் கிடந்த பச்சைக் காரை ஒரு பார்வை பார்த்து, இது வீடு, நமக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டினார். கனகத்தின் வீட்டில் நம்பர் பலகை பார்த்தார், ஹாரன் அமுக்கினார், லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு ரிஜிஸ்தரில் எழுதினார்: வண்டி நல்ல நிலை. ஓட்டுநர் கனகம். பின் சீட்டில் ஒருவர், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.