ஒரு மீட்டர் கழித்துப் படிக்கவும்

2

எண் தப்பில்லை. ஒன்றாம் பகுதி என்று ஒன்று இருந்தது. பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். அப்போது எனக்கு ஒரு விதி தெரியாது. அது ஐந்தாம் பகுதியில் வரும்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. எதிர்ப்புறம் ஒரு பெண் முக்காலி மேல் நிலம் அளக்கும் கருவியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் போன ஒருவர் நின்றார். தலையைச் சீவிக்கொண்டார். சிரித்தார். சிரிப்பைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைத்திருந்துவிட்டு, "எடுத்தாச்சா?" என்று கேட்டார். "எடுத்தாச்சுங்க" என்றாள் அவள், நிமிராமல். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்தது இயற்பியல். மேசையைவிடப் பெரிய எதையும் அளந்ததில்லை. போய்ப் பேசக் கூச்சம், பஸ்ஸும் வந்துவிட்டது. அதனால் மீதியை நானே இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. நில அளவை படித்த தோழி ஒருத்தி தொழில் தப்புகளைத் திருத்தித் தந்தாள். (கதை அவளுக்குப் பிடிக்கவில்லை. நீளம், கோணம், முடிந்தது, இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்றாள்.)

3

தொடக்கங்கள்.

(அடித்தது: பூமி உருண்டை என்று எல்லோருக்கும் தெரியும், அளந்து பார்த்தவர்கள் சிலரே.) பாடப்புத்தக வாடை.

(அடித்தது: அவள் கண்களில் ஒரு தொலைவு இருந்தது.) இதை எழுதியது நானா என்று எனக்கே சந்தேகம்.

இப்படி வைத்துக்கொள்வோம். அவள் பல்கலைக்கழகத்தில் நில அளவை படிக்கச் சேர்ந்த அன்று அவளுடைய சித்தப்பா, நிலத்தை அளக்க நாலு வருஷமா, ஒரு கயிறு பத்தாதா என்று கேட்டார். அடுத்த வாரமே அதே சித்தப்பா தனியாகக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்தி வைத்திருக்கிறான், வந்து பார்க்க முடியுமா என்றார். முதல் வருஷம் முடிவதற்குள் அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது: இந்தப் படிப்பைக் கேலி செய்யாத சொந்தமும் இல்லை, வேலித் தகராறு இல்லாத சொந்தமும் இல்லை.

4

வகுப்பில் அவள் பெயர் அரைமில்லி. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக ஒரு முறை மணிக்கணக்கில் வாதாடியவள். அவளுடைய கூட்டாளிக்குத் தலைவி என்று பெயர். யாரும் கேட்காமலே தலைமை தாங்குவாள்.

இறுதி ஆண்டில் வளாகத்தைச் சுற்றி ஒன்பது கோடுகள் அளக்க வேண்டும். நூலக மூலைக் கல்லில் தொடங்கிச் சுற்றிவந்து அதே கல்லில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் காகிதத்திலும் அதே கல்லுக்கு வந்து சேர வேண்டும். அச்சு அசலாகச் சேராது, சில சென்டிமீட்டர் விலகினால் மன்னிப்பு உண்டு.

நல்ல டேப்புகளை மற்ற அணிகள் எடுத்துப் போய்விட்டன. இவர்களுக்கு வந்ததில் முதல் மீட்டர் அறுந்திருந்தது. அதனால் ஒன்று என்ற கோட்டை முனையாகப் பிடித்து, வரும் எண்ணில் ஒன்றைக் கழிக்க வேண்டும். தலைவி முனையைப் பிடித்தாள். அரைமில்லி படித்தாள், கழித்தாள், எழுதினாள்.

சாயங்காலம் கணக்குப் போட்டபோது அவர்கள் கல்லிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றார்கள். எங்கேயோ ஒரு தடவை அரைமில்லி கழிக்க மறந்திருக்கிறாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்பதையும் மறுபடி அளக்கத் தலைவி தயாராக இல்லை.

"ஒரு மீட்டர்தானேடி. ஒன்பது கோட்டுக்கும் பங்கு போட்டா ஆளுக்கு என்ன வரும்? கரைஞ்சு போயிடும்."

"அது தப்பு."

"தப்புதான். அதான் பங்கு போடலாம்னு சொல்றேன். ஒருத்தி தலையிலயே ஏன் கட்டணும்?"

(இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அரை மில்லிக்குச் சண்டை போட்டவள் ஒரு மீட்டருக்கு ஒத்துக்கொள்வாளா? தோழியிடம் கேட்டேன். மழை வருகிற மாதிரி இருந்தால் எவளும் ஒத்துக்கொள்வாள் என்றாள்.)

5

விதி இதுதான். அளவுகளை அளந்த இடத்திலேயே குறிக்கும் களப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பான எண் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். சரியானதை மேலே எழுத வேண்டும். முதல் வருஷம் முதல் நாளே பேராசிரியர் எல்லோருடைய ரப்பரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தலைவி வளாகக் கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்தாள். பூ வாசனை அடிக்கிற ரப்பர். அதுதான் இருந்தது. அவள் அழிக்க அழிக்க அரைமில்லி எழுதினாள். கணக்கு மில்லிமீட்டர் பிசகாமல் கல்லில் வந்து நின்றது.

பேராசிரியர் புத்தகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"முப்பது வருஷமா அளக்கறேன். எனக்கு ஒரு தடவைகூடப் பிசகு பூஜ்யம்னு வந்ததில்லை. உங்களுக்குக் கொடுப்பினை."

முழு மதிப்பெண் போட்டார். அவர் பாராட்டினார் என்று தலைவி இன்னும் நம்புகிறாள்.

6

படித்து முடித்தால் என்ன ஆகலாம்? கட்டுரை மாதிரி ஒரு பத்தி எழுதினேன், சுருக்கிவிட்டேன். ஒரு சீனியர் கப்பலில் கடலடியை அளக்கிறாள், வாந்தி எடுத்தபடி. ஒருவன் பறக்கும் கேமரா விட்டு வயல்களைப் படமெடுக்கிறான். காக்கைகள் அதைத் துரத்துகின்றன. ஒருத்தி தான் போகவே போகாத ஊர்களுக்குக் கணினியில் வரைபடம் போடுகிறாள். இன்னொருவன் அரசு வேலையில், இரண்டு வேலிக்காரர்களுக்கு நடுவே நின்று திட்டு வாங்குகிறான்.

அரைமில்லிக்கு வேண்டியது சுரங்கப்பாதை. மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிக்கொண்டே போவார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் சரியாகச் சந்திக்க வேண்டும். சுரங்கப்பாதை போடும் ஒரு கம்பெனியில் ஒரே ஒரு இடம் இருந்தது. கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் நண்பருடைய மொபைல் கடை என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்த வேலை என்று சித்தப்பா அதை மூன்று முறை புகழ்ந்துவிட்டார்.

நேர்முகத்துக்கு வரும்போது களப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது.

7

கேள்வி கேட்டது ஒரு பெண்மணி. சுரங்க மேடம் என்று வைத்துக்கொள்வோம். அவர் எண்களைப் படிக்கவே இல்லை. பக்கத்தை விரலால் தடவினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏம்மா இவ்வளவு மெலிஞ்சு போச்சு?"

(அடித்தது: "மழையில நனைஞ்சிடுச்சு மேடம்" என்றாள்.) இதை எழுதிப் பார்த்தேன். பூ வாசனை அடிக்கிற மழை எங்கே இருக்கிறது?

"ஒரு மீட்டர் தப்பு மேடம். கழிக்க மறந்துட்டேன். எந்தக் கோட்டுலன்னு தெரியல. அழிச்சிட்டோம்."

மேடம் கோபப்படவில்லை. அழிக்காமல் விட்டிருந்தால் அந்த ஒரு மீட்டர் எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்று பார்த்து, அதே திசையில் ஓடும் கோட்டை அரை மணியில் பிடித்திருக்கலாம் என்றார். இப்போது மறுபடி அளப்பதைத் தவிர வழியில்லை.

"எங்க வேலையில தப்பு பண்ணாத ஆளே கிடையாதும்மா. எங்க பண்ணோம்னு காட்டத் தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

8

அதே அறுந்த டேப்பைத்தான் கேட்டு வாங்கினாள். தலைவி முனகிக்கொண்டே முனையைப் பிடித்தாள்.

(அடித்தது: ஒன்பதாவது கோட்டில், சூரியன் மறையும் நேரத்தில், அகப்பட்டது.) கதைக்கு அதுதான் அழகு. ஆனால் அகப்பட்டது இரண்டாவது கோட்டில், காலை ஒன்பதே காலுக்கு. புத்தகத்தில் 43.06. டேப்பில், கழித்த பிறகு, 42.17. மீதிப் பதினொரு சென்டிமீட்டர் பங்கு போட்டதில் போனது.

"கிடைச்சாச்சுல்ல, வா போகலாம்" என்றாள் தலைவி. அரைமில்லி மூன்றாவது கோட்டுக்கு நடந்தாள். ஒன்பதும் முடியச் சாயங்காலம் ஆனது. ஒவ்வொரு பொய் எண் மேலும் ஒரே ஒரு கோடு போட்டாள். மேலே உண்மையை எழுதினாள். காகிதத்தில் நூலகக் கல்லுக்கு நாலு சென்டிமீட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்புக்கு உட்பட்ட தூரம். புத்தகத்தை வியாழக்கிழமையே கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பதில் வந்தது.

(அடித்தது: வேலை கிடைத்தது. சித்தப்பா தெருவுக்கே சொன்னார்.)

(அடித்தது: வேலை கிடைக்கவில்லை. அப்படியானால் வேலியையாவது அளந்து கொடு என்றார் சித்தப்பா.)

இரண்டின் மேலும் ஒரே கோடுதான் போட்டிருக்கிறேன். இரண்டும் படிக்கத் தெரியும். மேலே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் போதும், ரப்பர் வேண்டாம்.

இந்தக் கதையும் அந்த டேப் மாதிரிதான், முதல் துண்டு இல்லாதது. இந்தப் பகுதிக்கு எட்டு என்று போட்டிருக்கிறேன். ஒன்றைக் கழிக்க மறந்துவிடாதீர்கள்.