கீறிப் பார்த்தால் பச்சை

கண்ணாடிக்காரருக்கு அந்த வட்டாரத்தில் எல்லார் கண்ணும் அத்துப்படி. யாருக்குக் கிட்டப்பார்வை, யாருக்குத் தூரப்பார்வை, யார் வயதை மறைக்க மூக்குக்கண்ணாடியைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் விரல்நுனியில். வாடிக்கையாளர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார். தன் பெண்டாட்டியிடம் மட்டும் மனதில் இருப்பதைச் சொல்ல வராது. சிலர் பிறவியிலேயே அப்படி, என்ன செய்வது.

அவள் நர்ஸ். கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான வார்டில், இரண்டு வருஷ வேலை. "போகட்டுமா?" என்று அவள் கேட்டபோது, "உன் இஷ்டம்" என்றார். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அவள் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தெருக்காரர்கள் சேர்ந்து சாலை நெடுக மரக்கன்று நட்டார்கள். அவருடைய கண்ணாடிக் கடைக்கு எதிரே, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு கொன்றைக் கன்றை அவள்தான் குழியில் இறக்கினாள். கம்பிக் கூண்டில் நாற்பத்தொன்று என்று எண் மாட்டினார்கள்.

"இத நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன். அவளுக்கு அப்போதுதான் ஷிப்ட் முடிந்திருக்கும். மரம் எப்படி இருக்கிறது என்பாள். நன்றாக இருக்கிறது என்பார். எவ்வளவு உயரம், புழு விழுந்ததா, தண்ணீர் லாரி வந்ததா, பஸ் புகை இலையில் படிகிறதா என்று அரை மணி நேரம் மரத்தைப் பற்றியே போகும். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு ஒன்றைக் கீழே கொட்டுகிறேன், உன் பக்கத்துப் போர்வையை இன்னும் பிரிக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு வாய்வரை வரும். வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "புதுசா ரெண்டு கிளை விட்டிருக்கு" என்பார்.

இரண்டாவது கோடையில் கொன்றை இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நின்றது. அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் கேட்டாள்.

"உசுரு இருக்கா? ஒழுங்கா பாத்துச் சொல்லுங்க." அப்புறம், "இங்க வேலை முடியப்போகுது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கீங்களான்னு கேக்கறாங்க. நான் பதில் சொல்லணும்" என்றாள்.

இதற்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். நம் ஆள் "சரி, பாத்துச் சொல்றேன்" என்றார். மரம் பிழைத்தால் அவள் வந்துவிடுவாள் என்று தானாகவே ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபாலக்காதான் மரக் குழுவுக்கும் தலைவி. அவரிடம் ஓடினார்.

"வெயில் காலத்துல கொட்டத்தான் செய்யும் தம்பி. பட்டைய லேசா கீறிப் பாருங்க. உள்ள பச்சை தெரிஞ்சா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் கீறினார். பச்சை! அன்று முழுவதும் கடையில் சீட்டியடித்தார். மறுநாள் காலை மனசு கேட்கவில்லை. நேற்று இருந்த உயிர் இன்றைக்கும் இருக்க வேண்டுமே. மறுபடி கீறினார். ஒரே இடத்தில் கீறினால் மரத்துக்கு வலிக்குமே என்று இரக்கப்பட்டு, தினமும் ஒரு நகக்கண் அளவு தள்ளித் தள்ளி, குனியாமல் பார்க்கத் தோதான உயரத்தில் கீறிக்கொண்டே போனார். பச்சை நாளுக்கு நாள் வெளிறி வந்தது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் "பச்சை இருக்கு" என்று அவளிடம் சொன்னார். அவள் "அப்படியா" என்பாள். வேறு எதற்கோ காத்திருப்பதைப் போலச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிடுவாள்.

ஐந்தாவது வாரம் தபாலக்கா எந்தெந்த மரம் பிழைத்தது என்று பார்க்க வந்தார். நாற்பத்தொன்றின் முன்னால் சைக்கிளை நிறுத்தியவர் நகரவே இல்லை. கண்ணாடிக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"யார் தம்பி இந்த வேலையப் பாத்தது?"

கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்டைச் சுற்றி வளையம் போட்டிருந்தன. மரம் தன் சாப்பாட்டைப் பட்டை வழியாகத்தான் வேருக்கு அனுப்பும், சுற்றிலும் அறுத்துவிட்டால் வேர் பட்டினிதான் என்றார் தபாலக்கா. வளையத்துக்கு மேலேயும் கீழேயும் கீறிக் காட்டினார். காய்ந்த பழுப்பு.

"நான்தான்க்கா. உசுரு இருக்கான்னு பாத்தேன்."

"தினமுமா?"

தலையசைத்தார். குப்பை கொட்டுகிறவர்களை நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கும் தபாலக்காவுக்கு அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மனம் வரவில்லை.

"நர்சரியில இதே வயசு, இதே உசரத்துல ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து வெச்சிடறேன். போட்டோவுல யாருக்குத் தெரியப்போகுது?"

சரி என்றார். அன்றிரவு நிம்மதியாகத்தான் தூங்கினார்.

ஞாயிறு காலை புதுக் கன்று வந்து இறங்கியது. தபாலக்கா கடப்பாரையால் பழையதை நெம்பிக்கொண்டிருந்தபோது கடையில் போன் அடித்தது.

"மரம் எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தப் பொய் தொண்டையைத் தாண்டவில்லை.

"செத்துப்போச்சும்மா. நான்தான் கொன்னுட்டேன். தினமும் கீறிக் கீறிப் பாத்தே கொன்னுட்டேன்."

இத்தனை காலம் எந்தக் கதவை முட்டுக்கொடுத்து மூடி வைத்திருந்தாரோ, அது அப்போது திறந்துகொண்டது.

"மரம் போனாப் போகுது. நீ வந்துடு. நீ இல்லாம என்னால முடியல. மரத்த வெச்சாவது உன் குரலக் கேக்கலாம்னுதான் அதையே பேசிட்டிருந்தேன். எனக்கு மரமெல்லாம் வேண்டாம். வந்துடு."

அவள் பக்கம் எங்கேயோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"மரத்துக்கு உசுரு இருக்கான்னு தினம் பாத்தீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? நானும் வேற எதப் பேசினாலும் அழுதுடுவேன்னுதான் மரத்தப் பத்தியே கேட்டேன். வான்னு சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு வாரமும் பாத்தேன். பச்சை இருக்கு, பச்சை இருக்குன்னீங்க. உங்களுக்கு நான் தேவையில்லபோலன்னு நெனச்சிட்டேன்."

"அய்யோ, அப்படியெல்லாம்..."

"நேத்துக் கையெழுத்துப் போட்டுட்டேங்க. இன்னும் ரெண்டு வருஷம்."

கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு நாள். போன ஞாயிறு சொல்லியிருந்தால் போதும். வெளியே தபாலக்கா கன்றை இறக்கலாமா என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

"போன வெச்சிடாதீங்க" என்றாள் அவள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத?"

"இப்ப சொன்னீங்களே, அத."

"வந்துடு" என்றார்.

"இன்னொரு தடவ."

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியே போனார். கண்ணாடிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.