நாற்பத்தொரு மஞ்சள் வரிகள்

போன வருடம் முதியோர் இல்லத்தின் தகவல்களைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியவன் நான்தான். அங்கிருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைத்த செய்திகளும் அதில் உண்டு. மாற்றி முடித்ததும் திரையில் நாற்பத்தொரு மஞ்சள் எச்சரிக்கைகள்: "தகவல் நீளம் அதிகம், மிச்சம் வெட்டப்பட்டது." சிவப்பில் பிழை என்று வந்தால்தான் நின்று படிப்பேன். மஞ்சளைப் பல் டாக்டரின் அறிவுரை மாதிரி தலையாட்டிவிட்டு மூடிவிடுவேன். அன்றே பழைய ஹார்டு டிஸ்கையும் அழித்தேன். அவ்வளவு சுறுசுறுப்பு!

நேற்று, பத்து நாள் முன்பு இல்லத்தில் இறந்துபோன தபால்காரரின் மகள் வந்தாள். அவருடைய செய்தியைத் திறந்து காட்டினேன். "உன்மேல கோபமில்லம்மா. அன்னிக்கு வீட்டைவிட்டுப் போன்னு ஏன் சொன்னேன்னா" என்பதோடு நின்றது.

"அப்பா எப்பவும் இப்படித்தான் சார், பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிடுவார்," என்று சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

"அவர் முழுசாத்தான் சொன்னார்மா. வெட்டுப்பட விட்டது நான்தான்."

"மிச்சம் எங்க சார்?"

"இல்லம்மா."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று மற்ற நாற்பது பேரின் கதவுகளையும் தட்டி, திரும்பச் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது அறைகளில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.