மடியில் வைத்த கை

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்த தவறு என்னுடையது. தனியாகச் சோதிப்பதற்காக மென்பொருளில் போட்ட ஒரு டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். சின்ன விஷயம்தான், ஆனால் மதியம் முழுவதும் அதிலேயே போயிற்று.

என் காதலன் மசனோரி சப்போரோவில் கம்பெனி விடுதியில் இருக்கிறான். நான் ஒசாகாவில் பல் மருத்துவமனை வரவேற்பில். இன்னும் ஒரு வருடம் சப்போரோவிலேயே இருக்கச் சம்மதமா என்று கம்பெனி அவனிடம் கேட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவன் பதில் சொல்ல வேண்டும். கருவி வேலை செய்தால் எனக்குச் சம்மதம் என்று சொன்னது நான்தான்.

கருவி என்பது பெரியவர்களுக்கான கடையில் வாங்கிய ஓர் அதிர்வுக் கருவி. அதன் ரிமோட்டைப் பிரித்து, பொத்தானின் இரு முனைகளிலும் ஒயர் வைத்து, விரல் நீள வைஃபை போர்டு ஒன்றோடு சேர்த்திருக்கிறேன். தலையில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரே மெய்நிகர் அறையில் உட்காருவோம். அங்கே என் உருவத்தின் தொடையில் ஒரு கை பட்டால் இங்கே கருவி இயங்க வேண்டும். அவ்வளவுதான். நான் போகும் மாலை நேர மின்னணு வகுப்பில் இதைத் தானியங்கி விளக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்து மேசை ஹிகாஷினோசான் லாரி கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். வெள்ளிக்கிழமை என் பற்றவைப்பைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"விளக்குக்கு எதுக்கும்மா பேட்டரி ரிமோட்டு? என்னமோ பண்ணு. கதவைச் சாத்திட்டுச் சோதிச்சுக்கோ."

காது சூடாகிவிட்டது. அதே பதற்றத்தில் இரண்டு முனைகளை ஒட்டவைத்துவிட்டேன். திரும்பப் பிரிக்க வேண்டியதாயிற்று.

இன்று மதியம் உணவுக்குப் பிறகு உட்கார்ந்தோம். அவன் எப்போதும்போல இலவசமாகக் கிடைத்த தகர ரோபோ உருவத்தில் வந்தான். போர்டு முதலில் வைஃபையில் சேரவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். பிறகு சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கருவி மெல்ல இயங்கியது, நிற்கவே இல்லை. பல மாதங்களாக இப்படி ஒரு நெருக்கம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நோரிக்குன், நெஜமாவே நீ பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு" என்று அவனுடைய செல்லப்பெயரைச் சொல்லிப் பேசினேன்.

அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கும் சத்தம்.

"சயோ, நான் தண்ணி எடுக்கப் போயிட்டு இப்பதான் திரும்ப வந்து உக்கார்றேன். இன்னும் தொடவே இல்லையே."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வரவேற்பு மேசையில் பழகியபடி வலக்கை மேல் இடக்கையை வைத்து மடியில் அடக்கி உட்கார்ந்திருந்தேன். சோதிக்க வேறு ஆள் இல்லாததால், கருவியை இயக்கும் கைகளின் பட்டியலில் 'சொந்தக் கை' என்ற இடத்திலும் டிக் போட்டிருந்தேன். இவ்வளவு நேரமும் என்னை நானேதான் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்ததாக நினைக்கிறேன். டிக்கை எடுத்துவிட்டு அவனைத் தொடச் சொன்னேன். தகரக் கை தொடை மேல் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. கருவி அசையவில்லை. கையை எடுத்து வை, திரும்ப வை, விரலை விரி என்று சொல்லிச் சொல்லி என் குரலே எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இலவச உருவத்தின் கைக்கு மென்பொருளில் கை என்ற அடையாளமே கொடுக்கப்படவில்லை என்று கடைசியில் கண்டுபிடித்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

"விடு சயோ, வேலை செய்யுதுன்னே வெச்சுக்கலாம். ஒரு வருஷம் இருக்குல்ல, மெதுவா சரி பண்ணிக்கலாம்."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். நான் சரி என்று கண்ணாடியைக் கழற்றினேன். நெற்றியில் பட்டையின் தடம். வேறொரு உருவத்தைப் போடச் சொன்னால் கருவி இயங்கிவிடும், பத்து நிமிட வேலை. அதை அவனிடம் சொல்லவில்லை. ஏன் என்று சாயங்காலம் முழுவதும் யோசித்தேன். அது இயங்கினால் அவன் சம்மதம் சொல்லிவிடுவான். இயங்க வேண்டாம் என்று நான் நினைத்திருக்கிறேன். அப்படியென்றால் கருவியை நிபந்தனையாக வைத்துப் பேசியதே தவறு.

நாளை: மதிய இடைவேளையில் மருத்துவமனைப் பின்படிக்கட்டில் இருந்து மசனோரிக்குப் போன் செய்வது. கருவி பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சொல்வது. இருந்தாலும் ஒசாகாவுக்குத் திரும்பி வரச் சொல்வது.